கோர் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதில் நாம் செய்யும் தவறுகள்

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ விடியற்காலை 5.30 மணிக்கு ஏதாவது ஒரு மைதானத்துக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒருவன் மல்லாந்து படுத்திருப்பான், இன்னொருவன் அவன் கணுக்காலை அழுத்திப் பிடித்திருப்பான். சிட்-அப் எண்ணிக்கை அறுபது, எழுபது, எண்பது என்று ஏறும். நூறு ஆனதும் இடம் மாறிக்கொள்வார்கள். எல்லாரும் போலீஸ் செலக்‌ஷனுக்கோ ராணுவ ஆள்சேர்ப்புக்கோ தயாராகும் பிள்ளைகள்.

நானும் அந்த வயதில் அப்படித்தான் எண்ணினேன். இரண்டாவது மாதமே இடுப்பு பிடித்துக்கொண்டு, குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாமல் போனது. இப்போது அதே மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: நீ போகப்போகிற தேர்வில் சிட்-அப் எங்கே இருக்கிறது? இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அப்புறம் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். அக்னிவீர் முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பீமில் புல்-அப்ஸ், 9 அடிப் பள்ளம் தாண்டுதல், ஜிக்-ஜாக் கட்டையில் நடத்தல். இந்த எல்லாவற்றிலும் நடு உடம்புக்கு, அதாவது கோருக்கு, ஒரே வேலைதான். கையும் காலும் வேகமாக இயங்கும்போது அது ஆடாமல் நிற்க வேண்டும். நாம் மட்டும் அதை ஒரு நாளைக்கு நூறு தடவை மடக்கிப் பழக்குகிறோம்.

எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். கோர் என்றால் முன்வயிறு என்று எடுத்துக்கொள்கிறோம். கண்ணாடியில் தெரிகிற கட்டுகள் அதில் ஒரு பங்கு மட்டுமே. இரு விலாப்பக்கமும் சாய்வாக ஓடும் தசைகள், அவற்றுக்கு அடியில் பெல்ட் கட்டியது போல இடுப்பைச் சுற்றிவரும் ஆழ்தசை, முதுகுத்தண்டை ஒட்டிய சின்னச் சின்னத் தசைகள், மேலே மூச்சை இயக்கும் உதரவிதானம், கீழே இடுப்புக்கூட்டின் தளத் தசைகள், பின்னால் பிட்டத் தசைகள் என்று எல்லாம் சேர்ந்ததுதான் கோர். ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கையைத் தூக்கச் சொன்னால், தோள்தசை வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அந்த ஆழ்தசை இறுகிவிடுகிறது. நாள்பட்ட இடுப்புவலி உள்ளவர்களுக்கு அந்த இறுக்கம் தாமதமாக வருகிறது.

இது நம் வீட்டிலேயே நடக்கிறது. அம்மா கேழ்வரகுக் களி கிண்டும்போது கவனித்துப் பாருங்கள். மாவு கெட்டியாகக் கெட்டியாகத் துடுப்பு நகர மறுக்கும். காலை அகட்டி ஊன்றி, வயிற்றை இறுக்கி, தோளால் அழுத்தித் திருப்புவார். நடு உடம்பு அசையாது. நல்ல கோர் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

சரி, சிட்-அப்பில் என்ன குறை? காலை யாராவது பிடித்துக்கொண்டால், எழும் வேலையில் பெரும்பங்கை இடுப்பிலிருந்து தொடைக்குப் போகும் தசை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தசையின் மேல்முனை கீழ்முதுகு எலும்புகளில்தான் ஒட்டியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறை எழும்போதும் கீழ்முதுகு முன்பக்கமாக இழுபடுகிறது. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், ஒரு சிட்-அப் முதுகுத்தண்டின் மேல் சுமார் 3,300 நியூட்டன் அழுத்தம் தருவதாகக் கணக்கிட்டார். கிட்டத்தட்ட 330 கிலோ எடை. அமெரிக்க ராணுவம் பல பத்தாண்டுகள் 2 நிமிட சிட்-அப் தேர்வு வைத்திருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய உடற்தகுதித் தேர்வில் அதை எடுத்துவிட்டு பிளாங்க் வைத்தார்கள், அதாவது குப்புற முழங்கையிலும் கால்விரலிலும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடிப்பது. முதுகு நன்றாக இருக்கும் ஒருவர் எப்போதாவது இருபது சிட்-அப் எடுத்தால் குடி முழுகிவிடாது. தினமும் நூறு என்பதும், அது மட்டுமே கோர் பயிற்சி என்பதும்தான் தவறு.

தொப்பை குறைய வேண்டும் என்று வயிற்றுப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. இதை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 6 வாரம், வாரத்துக்கு 5 நாள், 7 வகை வயிற்றுப் பயிற்சி செய்தவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. தசை பலமானது, அவ்வளவுதான். தொப்பைக்கு வழி சாப்பாட்டிலும் மொத்த உழைப்பிலும் இருக்கிறது.

நான் அதிகம் பார்க்கிற தவறு, ஒரே திசைக்கு மட்டும் பயிற்சி எடுப்பது. கிரஞ்சஸ் (தோளை மட்டும் தூக்கும் அரை சிட்-அப்), லெக் ரைஸ் (படுத்துக் காலைத் தூக்குவது), பிளாங்க் என்று மூன்று வகை செய்வதாகச் சொல்வார்கள். மூன்றும் முன்பக்கத்துக்கே போகின்றன. உடம்பு நான்கு விதமாகச் சரியக்கூடும். கீழ்முதுகு உள்ளே குழிந்து வயிறு தொங்கலாம், பக்கவாட்டில் சாயலாம், முறுக்கிக்கொள்ளலாம், தூக்கும்போது முதுகு வளைந்து கூன் விழலாம். ஒவ்வொன்றையும் தடுக்கிற பயிற்சி ஒன்றாவது பட்டியலில் இருக்க வேண்டும். குழிவதைத் தடுக்க பிளாங்க் அல்லது டெட் பக், அதாவது மல்லாந்து படுத்து கையையும் காலையும் மேலே தூக்கி, எதிரெதிர்க் கையையும் காலையும் மெதுவாக நீட்டி இறக்குவது. முறுக்கலைத் தடுக்க பேர்ட் டாக், அதாவது நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. கூன் விழாமல் இருக்க பிட்டத் தசைக்கு வேலை தரும் பிரிட்ஜ். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கினால் அதுதான்.

சாய்வைத் தடுக்க, ஒரு பக்கமாகப் படுத்து ஒரு முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிக்கும் சைடு பிளாங்க் இருக்கிறது. அதற்குச் சமமான இன்னொன்று நம் தெருவிலேயே உண்டு. தண்ணீர் நிறைந்த வாளியை ஒரு கையில் மட்டும் தூக்கிக்கொண்டு, மறுபக்கம் சாயாமல் 30 அடி நடந்து பாருங்கள். எதிர்ப்பக்க விலா எவ்வளவு உழைக்கிறது என்று தெரியும். திரும்பும்போது கையை மாற்றிக்கொள்ளுங்கள். இடுப்பில் குடம் சுமந்த பெண்களுக்கு இந்தத் தசை நன்றாகத் தெரியும். ஆனால் இடுப்பை ஒருபக்கம் தள்ளிக் குடத்தை உட்காரவைப்பதும், எப்போதும் ஒரே பக்கம் சுமப்பதும் பயிற்சிக்கு ஆகாது. நேராக நிற்பதில்தான் பலன்.

பிளாங்கில் நிமிடத்தைத் துரத்துவதும் எண்ணிக்கையைத் துரத்துவதும் ஒன்றுதான். மூன்று நிமிடம் நின்றேன் என்று ஒரு தம்பி பெருமையாகச் சொன்னான். வீடியோ எடுத்துக் காட்டினேன். முதல் 40 நொடி பலகை மாதிரி இருந்தான், அதற்கு மேல் இடுப்பு தொட்டில் மாதிரி தொங்கியது. அந்த நிலையில் தாங்கியது தசையைவிட மூட்டும் தசைநாரும்தான். மெக்கில் சொல்லும் முறை எளிது. 10 நொடி முழு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி பிடிக்க வேண்டும். பிட்டத்தை இறுக்கி, முழங்கையைக் கால்பக்கம் இழுப்பது போல அழுத்திப் பாருங்கள். 10 நொடியிலேயே உடம்பு நடுங்கும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. மூச்சு விட்டுக்கொண்டே இறுக்கத்தைப் பிடிக்க முடியவில்லை என்றால் பயிற்சி உங்கள் அளவுக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அளவுக்கு மேலான பயிற்சியைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. மல்லாந்து படுத்து, கீழ்முதுகுக்கு அடியில் உள்ளங்கையை வையுங்கள். இரு காலையும் மடக்கித் தூக்கி, ஒரு காலை மட்டும் மெதுவாக நீட்டி இறக்குங்கள். கையின் மேல் இருக்கும் அழுத்தம் மாறாமல் இருந்தால் சரி. முதுகு கையை விட்டு எழும்பினால், இரண்டு காலையும் நீட்டி எடுக்கும் லெக் ரைஸுக்கும், கையால் பிடித்துத் தரையில் முன்னே உருட்டும் பயிற்சிச் சக்கரத்துக்கும் இன்னும் நேரம் வரவில்லை. இணையத்தில் பார்த்த பயிற்சியை மறுநாளே செய்து இடுப்பைப் பிடித்துக்கொள்பவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் தப்பித்திருப்பார்கள்.

நேரமும் தேர்வின் ஒரு பகுதிதான். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் காலையில் உயரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருக்கும். உப்பிய தட்டு வளைவைத் தாங்குவது கடினம். 1998இல் வந்த ஓர் ஆய்வில், விடிந்ததும் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட இடுப்புவலி குறைந்தது. நம் பிள்ளைகளோ எழுந்த அரை மணி நேரத்தில் சிட்-அப் எடுக்கிறார்கள். முதலில் நடை, ஓட்டம் எல்லாம் முடியட்டும். கோர் கடைசியில் வரட்டும், அதிலும் வளைக்காத பயிற்சிகளாக இருக்கட்டும்.

பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறித்துவிட்டு வருபவர்களும், மாங்காய் லோடு ஏற்றுபவர்களும் சாயங்காலம் ஜிம்முக்கு வந்து கிரஞ்சஸ் போடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. நாள் முழுக்க குனிந்து குனிந்து நிமிர்ந்த முதுகு அது. அவர்களுக்கு பேர்ட் டாக், பிரிட்ஜ், சைடு பிளாங்க் மூன்றுமே போதும். எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே மூன்று பொருந்தும். கூடவே அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும்.

நம் மாவட்டங்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். உலக சுகாதார நிறுவனம் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் பல வருடம் குடித்தவர்களில் சிலருக்கு எலும்பும் மூட்டும் பாதிக்கப்பட்டு முதுகு விறைத்துப்போகும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த பெரியவர் யாராவது, உடம்பு வளையவில்லை, அதனால் பயிற்சி செய்யப்போகிறேன் என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்த விறைப்பை பலக்குறைவு என்று நினைத்து வலிந்து வளைக்கக் கூடாது. காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல் இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் பயிற்சி. சிறுநீரை அடக்க முடியாமல் போனால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவமான பெண்கள், எழும்போது வயிற்றின் நடுவில் கூம்பு மாதிரி புடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். புடைத்தால் கிரஞ்சஸ் வேண்டாம், மூச்சோடு சேர்ந்த மெதுவான பயிற்சியிலிருந்து தொடங்கலாம்.

செலக்‌ஷனுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நான் வாரம் மூன்று நாள், ஓட்டம் முடிந்த பிறகு 15 நிமிடம் தருகிறேன். டெட் பக், சைடு பிளாங்க், பேர்ட் டாக், ஒரு கை வாளி நடை. குண்டு எறிதலைத் தேர்ந்தெடுத்த பெண் பிள்ளைகளுக்கு, காலில் பிறக்கும் விசை நடுவில் சிதறாமல் தோளுக்குப் போக வேண்டும் என்பதால் வாளியின் எடையைச் சீக்கிரம் கூட்டுகிறேன். கயிறு ஏறுகிறவர்களுக்கு மட்டும், உள்ளங்கைச் சோதனையில் தேறிய பிறகு, பீமில் தொங்கி முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கும் பயிற்சியைச் சேர்க்கிறேன். கயிற்றில் அவர்கள் செய்யப்போவது அதைத்தான்.