பழைய சாவடி இடிபடாமல் இருக்க ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியவை

ஜேசிபி வந்து நின்ற பிறகு ஊர் கூடிப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. அன்றைக்கு இடிக்கிறவர் கையில் உத்தரவு இருக்கும், தடுக்க நினைக்கிறவர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் கிராமங்களில் சங்கிலி பிடித்து அளந்த காலத்திலிருந்தே பார்த்து வருகிறேன்: பதிவேட்டில் ஏறாத பொருளை எந்த அலுவலகமும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஊர்ச் சாவடி, தலைச்சுமை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல், புலியோடு போராடிய வீரனுக்கு நட்ட புலிகுத்திக் கல், நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால் மராமத்துக்கு முன்னால் காகிதத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது கனடாவில். மகன் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறான். அவனோடு பெர்த் என்கிற ஊருக்குப் போயிருந்தேன். 1816இல் ராணுவக் குடியிருப்பாகத் தொடங்கிய சின்ன ஊர். டே ஆற்றை ஒட்டிய கடைவீதியில் வரிசையாகக் கல் கட்டடங்கள். உள்ளே மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை, துணிக்கடை என்று வியாபாரம் நடக்கிறது, மேலே நூறு, நூற்றைம்பது வருஷத்து முகப்பு அப்படியே நிற்கிறது. தானாக நிற்கவில்லை. ஒன்டாரியோவில் பாரம்பரியச் சட்டம் 1975இல் வந்தது. அதன்படி ஊராட்சி மன்றம் ஒரு மரபுக் குழுவை வைத்துக்கொள்ளலாம். குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாத்தியாரும் இருக்கலாம், கடைக்காரரும் இருக்கலாம். பழைய கட்டடங்களின் பட்டியல் ஒன்றை ஊர் நிர்வாகமே வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் பேர் ஏறிவிட்டால், இடிக்க நினைக்கும் சொந்தக்காரர் 60 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த 60 நாளில் ஊர் யோசித்துக்கொள்ளலாம், வேறு வழி இருக்கிறதா என்று சொந்தக்காரரோடு உட்கார்ந்து பேசலாம்.

அங்கேயும் எல்லாம் சுலபமில்லை. தொடக்கத்தில் அந்தச் சட்டத்தால் இடிப்பதைத் தள்ளிப்போடத்தான் முடிந்தது. முழுதாக மறுக்கும் அதிகாரம் 2005இல்தான் ஊர்களுக்குக் கிடைத்தது. 2022இல் இன்னொரு திருத்தம் வந்தது. பட்டியலில் இருக்கும் கட்டடத்துக்கு 2 வருஷத்துக்குள் முறையான பாதுகாப்பு அறிவிப்பு கொடுக்காவிட்டால் பேரை நீக்கிவிட வேண்டும் என்றது. பிறகு கெடுவை 2027 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். ஆள்பலம் இல்லாத சின்ன ஊர்கள்தான் இதில் அதிகம் திண்டாடுகின்றன. பட்டியல் போட்டதோடு நிறுத்தாமல் அடுத்த படிக்கும் போக வேண்டும் என்பதை நாமும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு வருவோம். முதல் வேலை, ஊரைச் சுற்றி நடப்பது. கூட இரண்டு பேர் வேண்டும், ஒருவர் வயசானவர், ஒருவர் போனில் நன்றாகப் படம் எடுக்கிற பிள்ளை. கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கோயிலுக்குக் கேட்க ஆள் உண்டு. நாதியில்லாமல் போவது பருத்தியில் கொட்டை பிரித்த பழைய ஜின்னிங் மில், நெல் அரைத்த மில், சந்தைப்பேட்டைக் கொட்டகை, வழிப்போக்கர் சத்திரம், படிக்கட்டுக் கிணறு, மாடு தண்ணீர் குடித்த கல்தொட்டி, ஓட்டுக் கூரைப் பள்ளிக்கூடம் இவையெல்லாம்தான். கனடாவின் புல்வெளி மாகாணங்களிலும் இதுதான் நடந்தது. ஒவ்வொரு ரயில்நிலையத்துக்குப் பக்கத்திலும் உயரமாக நின்ற மரத் தானியக் கிடங்குகள், ரயில் பாதைகள் மூடப்பட்டதும் ஒவ்வொன்றாக இடிந்து போயின. ஆல்பர்ட்டாவில் நாண்டன் என்கிற ஊர்க்காரர்கள் சேர்ந்து நின்று தங்கள் ஊரில் மிஞ்சிய கிடங்குகளைக் காப்பாற்றினார்கள். உழைப்பு நடந்த கட்டடத்துக்கும் வரலாறு உண்டு என்று நம் ஊரில் இன்னும் நாம் அழுத்திச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

பார்த்த ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதுங்கள். சர்வே நம்பர், உட்பிரிவு, யார் பேரில் இருக்கிறது, நீள அகலம், சுவர் எதனால் ஆனது, கூரை எது, இப்போது என்ன பயன்பாடு, நாலு பக்கத்துப் படம். படத்தில் அளவு தெரிய ஒரு ஸ்கேலையோ அடிக்குச்சியையோ பக்கத்தில் வையுங்கள். கூகுள் மேப்பில் இடத்தைக் குறித்து அந்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக, இது ஏன் முக்கியம் என்று மூன்று வரி. இந்த மூன்று வரிதான் கடினம். ‘ரொம்பப் பழசு’ என்று எழுதினால் எந்த அதிகாரியும் அசைய மாட்டார். ஒன்டாரியோவில் ஒன்பது அளவுகோல் வைத்திருக்கிறார்கள், முறையான பாதுகாப்பு அறிவிப்புக்கு அதில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். சுருக்கினால் மூன்று கேள்வி: கட்டிய விதத்தில் தனித்துவம் உண்டா? முக்கியமான ஆளோடோ நிகழ்ச்சியோடோ தொழிலோடோ தொடர்பு உண்டா? அது இல்லாவிட்டால் அந்தத் தெருவின் முகமே மாறிவிடுமா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்று காரணத்தோடு எழுத முடிந்தால் உங்கள் தாள் வலுவானது.

அடுத்து, இடம் யாருடையது என்று உறுதி செய்ய வேண்டும். ஊரார் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள், எந்த சர்வே நம்பர் யாருடையது என்று அதில் இருக்கும். நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தையும் பாருங்கள். நத்தமா, புறம்போக்கா, பட்டாவா, அறநிலையத் துறையா, நெடுஞ்சாலைத் துறையா, ரயில்வேயா என்பதைப் பொறுத்து நீங்கள் தட்ட வேண்டிய கதவு மாறும். ரோட்டோரக் கட்டடமானால் புலப்படத்து எல்லையையும் தரையில் இருக்கும் எல்லைக் கல்லையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மிக முக்கியம். ரோடு அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிய உடனேயே திட்ட வரைபடத்தைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். எதிர்ப் பக்கத்தில் புறம்போக்கு தாராளமாகக் கிடக்க, சுமைதாங்கி நிற்கும் பக்கத்தில் கோடு போட்டிருப்பதை என் வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். கோட்டைப் போட்டவர் அந்தக் கல்லை நேரில் பார்த்ததே இல்லை. நிறைமாதத்தில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்ட கல் அது. இரண்டு நிற்கும் கல், மேலே ஒரு கிடைக்கல், அதில் தேய்ந்த நாலு வரி எழுத்து. மேலே இருக்கிற கல்லின் விளிம்பு, தலைச்சுமை இறக்கி இறக்கி வழவழவென்று ஆகியிருந்தது. அதைப் பற்றி ஒரு தாள் அலுவலகத்தில் இருந்திருந்தால் கோடு மறுபக்கம் போயிருக்கும்.

தனியார் வீடானால் பேச்சில் நிதானம் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு தொட்டிக்கட்டு வீட்டை அளக்கப் போனபோது அந்த வீட்டு ஆத்தா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“ஏனுங்க, எழுதிக் குடுத்தா கவருமெண்டு வந்து ஊட்டப் புடுங்கிக்குமுங்களா?”

“இல்லீங்க ஆத்தா. ஊடு உங்க பேருலதான் இருக்கும். நாங்க படம் புடிச்சு, அளவு எழுதி, உங்களுக்கு ஒரு காப்பி குடுத்துட்டுப் போயிருவோமுங்க.”

இந்தப் பயம் நியாயமானது, அதை மதித்துப் பதில் சொல்லுங்கள். சொந்தக்காரர் சம்மதமில்லாமல் ஒரு படத்தைக்கூட வெளியே பகிர வேண்டாம். ஒன்டாரியோவில் மரபுக் கட்டடத்தைப் பேணும் சொந்தக்காரருக்கு, அந்த ஊர் விரும்பினால் சொத்து வரியில் 10 முதல் 40 சதவீதம் வரை குறைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நம் உள்ளாட்சிகளிலும் அப்படி ஒன்று வர வேண்டும். பாட்டன் வீட்டைப் பேணுகிற செலவு முழுவதையும் ஒரு குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் பெருமை மட்டும் பேசுவது சரியில்லை.

தாள்கள் சேர்ந்ததும் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் தமிழ்நாட்டில் கூடுகிறது. அன்றைக்குப் போய்க் கையைத் தூக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். முன்கூட்டியே ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் மனுக் கொடுத்து, தீர்மான வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘இணைப்பில் உள்ள இன்னின்ன சர்வே நம்பர்களில் அமைந்த பழைய கட்டடங்களையும் கற்களையும் கிராம சபைக்குத் தெரிவிக்காமல் இடிக்கவோ இடம் மாற்றவோ கூடாது’ என்பது போலத் தெளிவாக இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கண்ணால் பார்த்து, நகல் வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பேரூராட்சி என்றால் வார்டு உறுப்பினர் மூலம் மன்றத்தில் வையுங்கள். நகலோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் ஒரு மனு, தொல்லியல் துறைக்கு ஒரு மனு. இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் 1958ஆம் வருஷச் சட்டமும், நம் மாநிலத்தின் 1966ஆம் வருஷச் சட்டமும் ‘பாதுகாக்கப்பட்ட சின்னம்’ என்று அறிவித்தவற்றைத்தான் காக்கும். மத்திய அரசுச் சின்னமானால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். நம் ஊர்ச் சாவடிக்கு இதெல்லாம் கிடையாது. அதனால்தான் கிராம சபைத் தீர்மானத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன். தோட்டத்தில் உழும்போது பழைய காசோ பொருளோ கிடைத்தால், 1878ஆம் வருஷப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.  நொய்யல் கரையில் கொடுமணலில் மணிக்கல் பாசிகளும் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிவந்த நிலமும் விவசாய பூமிதான். பக்கத்துத் தோட்டத்தில் ஒன்றும் இருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுகல், புலிகுத்திக் கல் இருந்தால் கம்பி பிரஷ் வைத்துத் தேய்க்காதீர்கள். ஆசிட் ஊற்றாதீர்கள். அழகுக்கு என்று எனாமல் பெயிண்ட் அடிக்கவே வேண்டாம், பெயிண்ட் எழுத்துக் குழியில் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு. எழுத்தை வாசிக்க ஒரு சுலப வழி உண்டு. இருட்டிய பிறகு போய், டார்ச்சைக் கல்லுக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில், கல்லை உரசுகிற மாதிரி பிடியுங்கள். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் புலியின் வாலும் வீரனின் கைக்கத்தியும் நிழல் கட்டி எழுந்து வரும், எழுத்தும் வரும். டார்ச்சை நாலு திசையிலிருந்தும் மாற்றி மாற்றிப் பிடித்துப் படம் எடுத்து, கல்வெட்டு படிக்கத் தெரிந்தவருக்கு அனுப்புங்கள். கும்பிடுகிற கல்லானால் பூசாரியைக் கேட்டுவிட்டு எதையும் செய்யுங்கள். கல்லை நகர்த்த வேண்டிய நிலை வந்தால், முதலில் நின்ற இடத்தையும் பார்த்த திசையையும் அளந்து எழுதிய பிறகே நகர்த்துங்கள்.

இனி மராமத்து. பழைய கட்டடத்துக்கு முதல் எதிரி தண்ணீர், அது பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது. ஓட்டு வீட்டில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். புரட்டாசி பிறப்பதற்குள் ஒரு நாள் நடுப்பகலில் உள்ளே போய்க் கதவு சன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெயில் ஊசி ஊசியாக இறங்குகிற இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். ஐப்பசியில் தண்ணீர் சொட்டப்போவது அங்கேதான். அந்த ஓடுகளை மட்டும் மாற்றினால் போதும். நாட்டு ஓடு கிடைக்காவிட்டால், இடித்த வீட்டு ஓடுகளை யாராவது அடுக்கி வைத்திருப்பார்கள், விசாரித்து வாங்குங்கள். முகட்டிலும் சுவரிலும் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி இழுத்தால் வேரோடு கல்லும் வந்துவிடும். ஒட்ட அறுத்து, பட்டையை உரித்து, மறுபடி துளிர்க்கிறதா என்று பார்த்து வர வேண்டும்.

சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமெண்ட் பூசாதீர்கள். பழைய சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடுகிற சுவர். சிமெண்ட் அதை உள்ளேயே அடைக்கும், கொஞ்ச காலத்தில் உவர் பூத்து அடிச்சுவர் மாவாக உதிரும். கனடாவிலும் பழைய செங்கல் சுவர்களின் இடுக்கில் சிமெண்ட் அடைத்து, உள்ளே தங்கிய ஈரம் பனியில் உறைந்து, செங்கல்லின் முகமே பிய்ந்து விழுவதைப் பார்த்த பிறகுதான் சுண்ணாம்புக்குத் திரும்பினார்கள். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீறவைத்து, மேலே தண்ணீர் நிற்க வாரக்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைக்க வேண்டும். பூசிய பிறகு அவசரமாகக் காயவிடக் கூடாது, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். இதைக் கைப்பட அறிந்த வயதான கொத்தனார் ஒருவராவது உங்கள் வட்டாரத்தில் இன்னும் இருப்பார். அவர் வேலை செய்யும்போது இளம் கொத்தனார் ஒருவரைக் கூலி கொடுத்துப் பக்கத்தில் நிற்க வையுங்கள். என்னைக் கேட்டால், இந்தச் செலவுதான் எல்லாவற்றிலும் பயனுள்ள செலவு.

கட்டடம் பூட்டிக் கிடந்தால் எந்த மராமத்தும் நிற்காது. பெர்த் கடைவீதி பிழைத்தது அங்கே வியாபாரம் நடப்பதால். சாவடியில் படிப்பகம் வைக்கலாம், பால் சொசைட்டி நடத்தலாம், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். தினமும் நாலு பேர் வந்து போகிற இடத்தில் ஓடு நகர்ந்தால் அன்றைக்கே யாராவது பார்த்துவிடுவார்கள். வருஷத்தில் ஒரு நாள் ஊரில் உள்ள பழைய கட்டடங்களையெல்லாம் திறந்து வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்டாரியோவில் 2002 முதல் இப்படிக் கதவு திறக்கும் நாட்களை மாகாணம் முழுக்க நடத்துகிறார்கள்.

நீங்கள் எழுதிய தாள்களை ஒரே ஆளின் பீரோவில் வைத்துவிடாதீர்கள். ஒரு கட்டு ஊராட்சி அலுவலகத்தில், ஒரு கட்டு பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடம், ஒரு கட்டு ஊர் நூலகத்தில். படங்களைப் பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்த வாரத்தில், அதே ஆட்கள் அதே வழியில் நடந்து, எது எப்படி இருக்கிறது என்று தேதி போட்டு ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் எழுதிவர வேண்டும்.