ஆண், பெண் ஹோர்மோன்களும் ஒட்டுண்ணிகளும்: நாம் விடும் தவறுகள்

ஒட்டுண்ணி ஆண்களைத்தான் அதிகம் பிடிக்கும், பெண்களை ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் காப்பாற்றிவிடும் என்று கொழும்பில் நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. ஆண் ஹோர்மோனான டெஸ்டஸ்டிரோன் எதிர்ப்புச் சக்தியின் சில வேலைகளை மந்தமாக்கும், ஈஸ்ட்ரஜன் நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரி உருவாக உதவும். ஆனால் இதையே விதியாகப் பிடித்துக்கொண்டால் வழுக்கிவிடும். டீனியா கிராசிசெப்ஸ் என்ற நாடாப்புழுவின் குடம்பியைப் பாருங்கள், சுண்டெலிகளில் அது பெண்ணுக்குள்தான் கூடுதலாகப் பெருகுகிறது, ஏனென்றால் ஈஸ்ட்ரஜன் அந்தப் புழுவின் இனப்பெருக்கத்தையே நேரடியாகத் தூண்டுகிறது. டெஸ்டஸ்டிரோன் சுரக்கும் விதைகளை அகற்றிய ஆண் எலியிலும் அதே கதைதான். தொற்று நீண்டுவிட்டால் ஆண் எலியின் டெஸ்டஸ்டிரோன் விழுந்து ஈஸ்ட்ரஜன் ஏறிவிடும், அதாவது புழுவும் ஹோர்மோனை மாற்றுகிறது!

அடுத்தது, நோயாளிகளை எண்ணிப் பார்த்துவிட்டு உடனே ஹோர்மோன் மேல் பழியைப் போடுவது. இலங்கையில் தோலில் வரும் லீஷ்மேனியா நோயாளிகளில் ஆண்கள் அதிகம். சரி, ஆனால் பற்றையிலும் காட்டோரத்திலும் வேலை செய்து மணல் ஈயிடம் கடி வாங்குகிறவர்கள் யார்? அதைக் கழித்துப் பார்க்காமல் ஹோர்மோனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எனக்கு அதிகம் கவலை தருவது கர்ப்பம் பற்றிய பேச்சு. அந்த நேரத்தில் எதிர்ப்புச் சக்தி முழுக்க இறங்கிவிடும் என்பது பிழை, அது தன் போக்கை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். பால்சிபாரம் என்ற கடுமையான வகை மலேரியா கர்ப்பிணிகளை வாட்டுவதற்கு நஞ்சுக்கொடியும் பெரிய காரணம்: தொற்றிய சிவப்பணுக்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன, முதல் கர்ப்பத்தில்தான் ஆபத்து கூட. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததை நம்பிக்கொண்டு, கர்ப்பத்தோடு ஆப்பிரிக்கப் பக்கம் போகிறவர்கள் டொக்டரிடம் கேட்காமல் விமானம் ஏறக்கூடாது. அப்புறம் பூச்சிக் குளிசை. முதல் மூன்று மாதம் கழிந்து கிளினிக்கில் தருவதை, பிள்ளைக்குக் கூடாது என்று குப்பையில் போடாதீர்கள். கொக்கிப்புழு குடிப்பது தாயின் இரத்தம்.

வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்குப் பயந்து கர்ப்பிணிகள் வீட்டுப் பூனையைத் துரத்தவும் வேண்டாம். பூனை மலத்தில் வரும் முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது பிடிக்கும், வேறு ஒருவர் தினமும் மணல் தட்டைச் சுத்தம் செய்தால் போதும். இறைச்சியை நன்றாக வேகவைப்பது அதைவிட முக்கியம்.

நாய்க்குட்டி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குட்டி வெளியே போகவில்லை, மண் தின்னவில்லை, பிறகு புழு எங்கிருந்து வந்தது? தாயின் தசைக்குள் உறங்கிக் கிடந்த டொக்சோகாரா என்ற உருளைப்புழுவின் குடம்பிகள், கர்ப்பகால ஹோர்மோன் மாற்றத்தில் விழித்து, நஞ்சுக்கொடி வழியாகவும் பிறகு பாலிலும் குட்டிக்குப் போகின்றன. மருந்து கொடுக்க மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருந்தால் குட்டி அதற்குள் முற்றமெல்லாம் மலத்தோடு புழு முட்டைகளைப் போட்டிருக்கும், சின்னப் பிள்ளைகள் விளையாடுவதும் அதே முற்றத்தில்தான். இரண்டு வார வயதிலேயே மிருக வைத்தியரிடம் கேட்டு மருந்தைத் தொடங்குங்கள், தாய் நாய்க்கும் சேர்த்து.