ஒழுங்கற்ற ஆங்கில வினைகள்: அட்டவணையைப் பாடமாக்காமல் பழகும் முறை

யாழ்ப்பாணத்து ரியூசன் வகுப்புகளில், இறுதியில் 'எட்' சேர்க்கும் பொதுவிதிப்படி இறந்தகாலம் எடுக்காத ஒழுங்கற்ற வினைகளுக்கு அகரவரிசை அட்டவணை ஒன்றைக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்வதே வழமை. அது 'அரைஸ் – அரோஸ்' என்று அன்றாடம் எவரும் சொல்லாத சொல்லில் தொடங்குவதால், 'கோ', 'ஸீ', 'டேக்' ஆகியவற்றை எட்டுமுன்பே பிள்ளை களைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஏறத்தாழ 200 ஒழுங்கற்ற வினைகள் இருப்பினும், மிகுதியாகப் புழங்குபவை சிலவே.

முதலில் கொப்பியில் இவற்றை எழுதுங்கள்: ஹாவ் – ஹாட், டூ – டிட், ஸே – செட், மேக் – மேட், கோ – வென்ட், டேக் – டுக், கம் – கேம், ஸீ – ஸோ, கெட் – கொட். இறந்தகாலத்தில் எழுவாய் எதுவாயினும் வடிவம் மாறாது; போனேன், போனாள், போனார்கள் யாவும் 'வென்ட்' தான். 'பீ' மட்டுமே 'வாஸ்', 'வேர்' எனப் பிரியும். நிகழ்காலத்தில் 'ஹீ', 'ஷீ', 'இட்' வரும்போது வினையின் இறுதியில் 'ஸ்' ஒலி சேரும். அப்போது 'ஹாவ்' என்பது 'ஹாஸ்' ஆகும். 'டூ', 'ஸே' இரண்டும் 'டஸ்', 'செஸ்' என உயிரொலி குறுகும்.

அடுத்து, ஏனைய வினைகளை ஓசைப்படி கூட்டமாக்குங்கள். சிங் – சாங், ரிங் – ராங் ஒரு கூட்டம்; பை – போட், திங்க் – தோட், டீச் – டோட் மற்றொன்று. 'பிரிங்' முதற்கூட்டத்தைச் சேர்ந்ததுபோல் ஒலித்தாலும் 'புரோட்' என்றே வரும். இதில் வியக்க ஒன்றுமில்லை: விடு – விட்டேன், நடு – நட்டேன் என்று சொல்லும் நாம் தடு என்பதைத் தடுத்தேன் என்றுதானே சொல்கிறோம்! புட், கட், ஹிட் ஆகியவை இறந்தகாலத்திலும் மாறா. ஆகவே 'ஷீ புட்ஸ்' நிகழ்காலம், 'ஷீ புட்' இறந்தகாலம். 'ரீட்' எழுத்தில் மாறாவிடினும், நேற்று வாசித்ததைச் சொல்லும்போது 'ரெட்' என்று ஒலிக்க வேண்டும்.

மூன்றாவது படியில்தான் நான் அதிகம் சிவப்பு மை செலவழித்திருக்கிறேன். 'ஐ டிட் நொட் வென்ட்' என்று எழுதாத கொப்பி அரிது. 'போகவில்லை' என்ற சொல்லைப் பாருங்கள்: அதில் 'போன' இல்லை, 'போக' தான் இருக்கிறது, 'போனவில்லை' என்று எவரும் சொல்வதில்லை. அவ்வாறே 'டிட்' காலத்தைச் சுமந்துவிட்டபின் வினை தன் மூலவடிவுக்குத் திரும்பி, 'ஐ டிட் நொட் கோ' என்றாகும். கேள்வியில் தமிழ் நமக்கு உதவாது. 'போனாயா' என்பதில் காலம் வினையிலேயே இருப்பதால் 'டிட் யூ வென்ட்' என்று நாக்கு வழுக்கும். அங்கும் 'டிட் யூ கோ' என்பதே சரி.

பின்னர், நேற்றைய நாளை மூன்று வரிகளில் எழுதுங்கள். திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன், கத்தரிக்காய் வாங்கினேன், பஸ்ஸில் வந்தேன் என்றால் ஐ வென்ட், ஐ போட், ஐ கேம். அதையே அம்மா நாள்தோறும் செய்வதாக மாற்றினால் ஷீ கோஸ், ஷீ பைஸ், ஷீ கம்ஸ். மூன்றாம் முறை, நேற்று அவர் எதுவுமே செய்யவில்லை என்று எழுதுங்கள். 'டிட் நொட்' என்பதன் பின் கோ, பை, கம் என்றே மூன்றும் நிற்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்.