டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு எரிந்தால்: மெக்கானிக்குகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராக்‌ஷன் கன்ட்ரோல் பழுதோடு ஒரு கார் வந்து நிற்கும்போது, பட்டறைக்குப் புதிதாக வந்த பையன்கள் அதைக் கையாளும் விதத்தைக் கவனித்துவருகிறேன். எங்கள் தலைமுறை மெக்கானிக்குகள் விழுந்த அதே பள்ளங்களில் இவர்களும் விழுகிறார்கள்; தண்டம் கட்டுவது வண்டிக்காரர். ஆஃப் பட்டனைத் தெரியாமல் அழுத்தியது, பியூஸ் போனது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை எவரும் ஒரு மாதத்தில் பழகிக்கொள்வார்கள்.

அடிப்படை ஒன்றுதான். டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கென்று தனியாகச் சக்கர சென்சார்கள் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் நான்கு வேக சென்சார்கள் தரும் கணக்கைக் கொண்டுதான் எந்தச் சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது என்று அது அறிகிறது. பிறகு அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கிறது, அல்லது இன்ஜினின் விசையைக் குறைக்கிறது. ஒரு சக்கரத்தின் கணக்கு பிசகினாலே ஏபிஎஸ் விளக்கும் இந்த விளக்கும் சேர்ந்து எரிவது அதனால்தான்.

குறியீட்டைப் படித்த கையோடு சென்சார் வாங்குவது

ஸ்கேனரில் சி0035 என்ற பழுதுக் குறியீடு வருகிறது. இடது முன்சக்கர வேக சென்சார் என்று திரை காட்டுகிறது. உடனே உதிரிபாகக் கடைக்குப் போன். இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சக்கரத்திலிருந்து ஒழுங்கான தகவல் வரவில்லை என்பதைத் தவிர அந்தக் குறியீட்டுக்கு வேறு பொருள் இல்லை. தகவல் வரும் வழியில் சென்சார் ஒரு பகுதிதான். பேரிங்கில் இருக்கும் காந்த வளையம், ஒயர், கனெக்டர் என்று மற்றவையும் அதே வழியில்தான் இருக்கின்றன.

சில மாதங்களுக்கு முன் ஒரு கார் எங்களிடம் வந்தது. வேறோர் இடத்தில் சென்சாரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். விளக்கு அணையவில்லை. அடுத்து ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொகையைக் கேட்டு வண்டிக்காரர் வண்டியை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "விளக்கு எரிவதற்குமுன் இந்தச் சக்கரத்தில் வேறு ஏதாவது வேலை செய்தீர்களா?" என்று கேட்டேன். சத்தம் வந்ததால் பேரிங் மாற்றியதாகச் சொன்னார். அதை யாருமே அவரிடம் கேட்டிருக்கவில்லை.

பேரிங்கைத் திருப்பிப் போட்டு அழுத்தியிருந்தார்கள். இப்போதைய பேரிங்குகள் பலவற்றில் ஒரு பக்கத்து சீலில் காந்த வளையம் பதிந்திருக்கும். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். காந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். மாறிவிட்டால் சக்கரம் நன்றாகச் சுழலும், சத்தமும் இருக்காது, சென்சாருக்கு மட்டும் எதுவும் தெரியாது. பிரஸ்ஸில் வைப்பதற்குமுன் ஒரு பேப்பர் கிளிப்பை சீலின்மேல் வைத்துப் பாருங்கள். காந்தப் பக்கம் அதை மெதுவாகப் பிடித்துக்கொள்ளும். பிடி மிக லேசாகத்தான் இருக்கும், பொறுமையாகப் பார்க்க வேண்டும். நட்டு போல்ட் போட்டுவைக்கும் காந்தத் தட்டின்மேல் புதுப் பேரிங்கை வைக்கவே வைக்காதீர்கள். வளையத்தின் காந்தப் பதிவு கெட்டுவிடும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? முதலில் லைவ் டேட்டா. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் நான்கு சக்கர வேகத்தையும் திரையில் பார்க்க வேண்டும். மூன்று சக்கரம் 20 காட்ட ஒன்று 0 காட்டுகிறதா, அல்லது நடுநடுவே விழுந்து எழுகிறதா? விழுந்து எழுந்தால் ஒயர்மேல் சந்தேகம் கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மடங்கி நிமிரும் இடத்தில், மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். ஓர் இழை மிச்சமிருந்தாலும் மல்டிமீட்டர் 'தொடர்பு இருக்கிறது' என்று பீப் அடிக்கும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, ஒயரைக் கையால் அசைத்துச் சோதியுங்கள். கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இவை முடியும்வரை சென்சாரைப் பிடுங்க வேண்டாம். துருவேறிய இடத்தில் அது இறுகியிருக்கும், இழுத்தால் உடையும். நல்ல சென்சாரை உடைத்துவிட்டுப் புதியதற்குக் காசு கேட்பது அநியாயம்.

எல்லா சென்சாரையும் ஓம் வைத்து அளப்பது

மின்தடையை ஓமில் அளப்பது பழைய காயில் வகைக்குச் சரி. இப்போதைய சென்சார்கள் பெரும்பாலும் மின்சாரம் பெற்று வேலை செய்பவை. 7 மில்லிஆம்பியருக்கும் 14 மில்லிஆம்பியருக்கும் இடையே மாறி மாறித் தகவல் தருபவை. அவற்றில் ஓம் அளவுக்குப் பொருளில்லை. கனெக்டருக்கு வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள்.

மலிவு ரீடரில் 'பழுது இல்லை' என்று வந்ததை நம்புவது

அது இன்ஜின் குறியீட்டை மட்டும் படிக்கும். ஏபிஎஸ்ஸோடு பேசும் ஸ்கேனர் வேண்டும்.

செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிவதைக் கவனிக்காமல் விடுவது

இன்ஜினில் கோளாறு என்றால் பல கார்கள் டிராக்‌ஷன் கன்ட்ரோலைத் தாமாகவே நிறுத்திவைக்கும். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் பழுதிருக்க, நான்கு சக்கரங்களையும் கழற்றி அரை நாள் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் குறியீட்டை முதலில் தீர்த்துவிடுங்கள்.

டயர் அளவு

நான்கும் ஒரே அளவா? ஒன்று மாறினால் அந்தச் சக்கரத்தின் வேகக் கணக்கும் மாறும். பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

அலைன்மென்ட்டுக்குப் பிறகு விளக்கு எரிந்தால் சக்கரத்தில் தேடுவது

ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாருக்கு நேர்நிலை எது என்று மறுபடி பதிய வேண்டியிருக்கலாம். சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இதே வேலைதான். ஸ்கேனரில் சில நிமிடத்தில் முடியும்.

குறியீட்டை அழித்துவிட்டுச் சாவியைக் கொடுப்பது

பல கார்களில் சக்கரம் ஓடி, நான்கு சென்சாரும் சரி என்று ஏபிஎஸ் கணினி உறுதிசெய்த பிறகுதான் விளக்கு அணையும். சில பழுதுகளும் ஓடும்போதுதான் மறுபடி தலைகாட்டும். மேடுபள்ளமான சாலையில், இரண்டு பக்கமும் திருப்பி ஓட்டிவிட்டு, இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். அதன்பிறகு பில் போடலாம்.