பொருளாக வரும் உபயம்: "சரி" சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

பொங்கல் விளையாட்டு விழா, பள்ளி ஆண்டு விழா, ஓட்டப் போட்டி என்று எதற்கு நன்கொடை கேட்டுப் போனாலும், பலர் பொருளாகத்தான் தர முன்வருவார்கள். "காசு வேண்டாம் தம்பி, மோர் நான் பார்த்துக்கறேன்" என்பார் ஒருவர். கோயில் திருவிழாவில் இதைத்தான் காலங்காலமாக உபயம் என்கிறோம். நல்ல மனசோடு வருவதால், எத்தனை, எப்போது என்று கேட்கவே நமக்குக் கூச்சம். பெரும்பாலான தவறுகள் அந்தக் கூச்சத்தில்தான் தொடங்குகின்றன.

எங்கள் ஊர் ஓட்டப் போட்டிக்கு ஒருவர் டி-சர்ட் தருவதாகச் சொன்னார். எண்ணிக்கையைச் சொன்னோம், அளவைச் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலம் மூட்டையைப் பிரித்தால் முக்கால்வாசி எக்ஸ்எல். ஓட வந்தவர்களோ பெரும்பாலும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள். ஒரு சிறுமி முழங்கால் வரை தொங்கிய சட்டையை இடுப்பில் முடிந்துகொண்டு ஓடினாள். கொடுத்தவர் மேல் ஒரு குறையும் இல்லை, அளவு சொல்லாதது நாங்கள்தான். அதிலிருந்து, தேவைப்படும் பொருள்களின் பட்டியல் கையில் இல்லாமல் யாரையும் பார்க்கப் போவதில்லை.

அடுத்தது, பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் செலவு. ஜெனரேட்டர் உபயம் என்றால் டீசல் யாருடையது? மைக்செட் உபயம் என்றால் ஆபரேட்டர் பேட்டா? நாற்காலிகளை ஏற்றி வர குட்டி யானை வாடகை, இறக்குகூலி, மறுநாள் திருப்பி அனுப்புவது? இதையெல்லாம் பேசாமல் விட்டால், இலவசம் என்று நினைத்ததற்குக் கமிட்டிப் பணத்தில் கை வைக்க வேண்டி வரும். பேசி முடித்ததும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பிவிடுங்கள். என்ன பொருள், எத்தனை, எந்த நாள் எத்தனை மணிக்கு, எங்கே வந்து சேரும், அங்கே வாங்கிக்கொள்பவர் யார் என்று ஐந்து வரி போதும்.

சாப்பாடும் தண்ணீரும் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிஸ்கட், ஜூஸ் பெட்டிகள் வந்ததும் காலாவதித் தேதியைப் பாருங்கள், தேதி நெருங்கிய சரக்கும் உபயமாக வருவதுண்டு. தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய கப், தெர்மாகோல் கப் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லி, 20 லிட்டர் கேனாகக் கேளுங்கள். பள்ளி நிகழ்ச்சியாக இருந்தால், கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களின் விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருப்பதை நினைவில் வையுங்கள். புகையிலை நிறுவனத்தின் உபயத்தைத் தொடவே கூடாது, அதற்குச் சட்டமே இடம் தரவில்லை.

வரி விஷயத்தில்தான் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்கிறோம். "80ஜி ரசீது தருவீங்களா?" என்று, அதாவது நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை வாங்க உதவும் ரசீதைக் கேட்டால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அந்த வரிச்சலுகை பணமாகக் கொடுத்ததற்கு மட்டுமே உண்டு. பணத்திலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. பொருளுக்கு, பெயரும் எண்ணிக்கையும் எழுதிய நன்றிக் கடிதம் கொடுங்கள், அதுதான் நேர்மை. கம்பெனிக்காரர் "சிஎஸ்ஆரில் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவுக் கணக்கில்) காட்டிக்கறோம்" என்றாலும் யோசியுங்கள். தன் பொருளின் விளம்பரத்துக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது.

பேனரில் பெயர் போடுவதும் இதோடு சேர்ந்ததுதான். "உபயம்: இன்னார்" என்று தனிநபர் பெயரை மட்டும் ஓர் அறநிறுவனம் நன்றிக்காகப் போட்டால், அதில் வியாபார விளம்பரம் எதுவும் இல்லாதவரை ஜிஎஸ்டி இல்லை. 2019 அக்டோபரிலேயே அதற்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆனால் "500 பாட்டில் தருகிறேன், மேடையில் என் லோகோ, நடுவில் மூன்று அறிவிப்பு" என்று பேசினால் அது நன்கொடை இல்லை, பண்டமாற்று. உங்கள் அமைப்பு ஜிஎஸ்டியில் பதிவானது என்றால் முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம், ஒருவரிடம் "தண்ணிக்கு நீங்க மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொருவரின் பாட்டிலையும் வாங்கி அடுக்காதீர்கள். ஊருக்குள் அந்தப் பேச்சு ரொம்ப நாள் நிற்கும்.

மொய் நோட்டில் பித்தளைக் குடம் முதற்கொண்டு எழுதி வைக்கிறோமே, அதே கவனம் இங்கேயும் வேண்டும். வண்டி வந்ததும் எண்ணி, சலானில் கையெழுத்துப் போட்டு, நோட்டில் ஏற்றுங்கள். கடை பில்லின் நகல் கிடைத்தால் மதிப்பையும் பக்கத்தில் குறியுங்கள், அடுத்த வருட பட்ஜெட் போட அது உதவும். மிஞ்சிய பொருளை யாருக்குக் கொடுப்பது என்று கொடுத்தவரிடமே கேளுங்கள். கமிட்டி ஆட்கள் பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனால், அந்தச் செய்தி அவர் காதுக்குப் போகாமல் இருக்காது.

விழா முடிந்த மறுநாளே காலி கேன்களை எண்ணித் திருப்பி அனுப்பிவிடுங்கள். இரண்டு குறைந்தாலும் சொல்லிவிட்டு அதற்கான காசைக் கொடுங்கள். மோர் கொடுத்தவருக்கு ஒரு போன் போட்டு, எத்தனை பானை காலியானது, எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று சொல்லுங்கள்.