தேக்குப் பலகையா, லேமினேட்டா? சென்னை வீட்டில் மரத் தரை போடும் முன்

கடையில் நிறம் பார்க்கும் முன், வீட்டில் தண்ணீர் பாருங்கள். குளியலறை வாசல், ஏசியின் கசிவுக் குழாய், சாரல் அடிக்கும் பால்கனிக் கதவு, வாளித் தண்ணீர் ஊற்றித் துடைக்கும் பழக்கம் என எங்கெல்லாம் ஈரம் நிற்குமோ, அங்கே தேக்கும் வேண்டாம், லேமினேட்டும் வேண்டாம். கூடத்துக்கும் சமையலறைக்கும் டைல்ஸ் இருக்கட்டும். மழை வெள்ளம் எட்டிப் பார்க்கும் தரைத்தள வீடானால் மரத் தரையையே மறந்துவிடலாம். மாடி வீட்டுப் படுக்கையறைதான் இதற்கு ஏற்ற இடம்.

லேமினேட்டின் உடம்பு, மர நாரை அழுத்திச் செய்த எச்.டி.எஃப் பலகை. மேலே தெரியும் மர வரி, காகிதத்தில் அச்சான படம். அதற்கு மேல் கண்ணாடி போல ஒரு மெலமைன் பூச்சு. கீறலைத் தாங்குவது இந்தப் பூச்சுதான். அதன் தரம் ஏ.சி. எண்ணில், அதாவது தேய்மானத்தைத் தாங்கும் வகுப்பைக் காட்டும் எண்ணில் தெரியும்: வீட்டுக்கு ஏ.சி.3 போதும், குழந்தைகளும் நாயும் ஓடும் வீட்டுக்கு ஏ.சி.4 வாங்குங்கள். 12 மி.மீ பலகை 8 மி.மீ-ஐவிடக் காலுக்குத் திடமாக இருக்கும். ஆனால் கனம் கூடினால் கீறல் குறையும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

இதன் எதிரி தண்ணீர். இணைப்புக்குள் இறங்கிய நீரை நார் உறிஞ்சி, ஓரம் மேடு தட்டும். காய்ந்தாலும் இறங்காது; இழைத்துச் சரிசெய்யவும் முடியாது, இழைத்தால் படம் போய்விடும். வாங்கும் முன் இரண்டு மூன்று பிராண்டுகளின் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, கனத்தை அளந்து, ஒரு நாள் தண்ணீரில் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். எது குறைவாக உப்பியதோ அதை எடுங்கள்.

தேக்குப் பலகையை முகம் பார்த்து வாங்காதீர்கள், முனையைப் பாருங்கள். வைரம் பாய்ந்த பகுதி பழுப்புப் பொன்னிறமாக இருக்கும். ஓரத்தில் வெளிறித் தெரிவது வெள்ளை. கறையான் தேக்கைத் தொடாது என்பது வைரத்துக்கு மட்டும் பொருந்தும், வெள்ளையை அது விடாது. 18 மி.மீ பலகையில், பக்கத்துப் பலகையோடு கோக்கும் இணைப்பு நாக்குக்கு மேல் ஐந்தாறு மி.மீ மரம் இருக்கும். ஒவ்வொரு முறை தேய்த்து மெருகிடும்போதும் ஒரு மி.மீ-க்குள்தான் போகும் என்பதால் பல ஆண்டுகள் கழித்தும் புதுத் தரை கிடைக்கும். தேக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்குத்தான்.

ஆனால் மரம் அகலவாக்கில் விரியும், சுருங்கும். கத்திரி வெயிலில் சுவரோடு நெருக்கிப் பொருத்திய பலகை ஐப்பசி மழையில் இடமில்லாமல் மேலெழும்பும். அடியில் மட்டும் ஈரம் ஏறினால் இரு ஓரமும் தூக்கி, நடு குழியும்.

உயரமும் கணக்கு. டைல்ஸ் மேல் 8 மி.மீ லேமினேட்டும் 2 மி.மீ ஃபோமும் வைத்தால் 10 மி.மீ, கதவின் அடியை இழைத்தால் போதும். 25 மி.மீ ரீப்பர் (அடிச்சட்டம்) அடித்து 18 மி.மீ தேக்கு போட்டால் 43 மி.மீ ஏறும். அதனால் குடியிருக்கும் ஃப்ளாட்டுக்கு லேமினேட்டே சரி. தேக்கு, தரை மட்டத்தை முன்கூட்டியே இறக்கிக் கட்டும் புது வீட்டுக்கு. இரண்டுக்கும் நடுவே, ப்ளைவுட் மேல் 3 அல்லது 4 மி.மீ அசல் மரம் ஒட்டிய எஞ்சினியர்டு பலகை உண்டு. பணம் இடம் கொடுத்தால் ஃப்ளாட்டுக்கு அதுதான் எங்கள் தேர்வு.

பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி; வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 132 வாங்குங்கள். லேமினேட் பெட்டிகளைப் பிரிக்காமல் 48 மணி நேரம் அதே அறையில் படுக்கை வாட்டில் வையுங்கள். புதுச் சிமென்ட் தரையானால், ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. இரண்டு மீட்டர் மட்டப்பலகையின் கீழ் 3 மி.மீ-க்கு மேல் பள்ளம் தெரிந்தால் நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நடக்கும்போது பலகை அமுங்கி, நாளடைவில் பலகைகளைக் கோக்கும் லாக் உடையும்.

சுவரைச் சுற்றி 10 மி.மீ இடைவெளி கட்டாயம். சுவரடியில் அடிக்கும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும், ஆனால் ஸ்கர்ட்டிங்கைப் பலகையில் அடிக்காமல் சுவரில் அடிக்க வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளின் முனை இணைப்புகள் ஒரு அடியாவது தள்ளி விழட்டும். கடைசி வரிசை 5 செ.மீ-க்குக் குறையும் என்றால் முதல் வரிசையையே அகலம் குறைத்து வெட்டித் தொடங்குங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, லேமினேட் போட்ட பிறகு அதன் மேல் வார்ட்ரோபை நிறுத்தித் திருகுவது. லேமினேட் அடித்தரையில் ஒட்டாமல், ஆணி அடிக்காமல் கிடக்கும் 'மிதக்கும்' தரை; அதை ஒரு பக்கம் பூட்டிவிட்டால் மறுபக்கம் இணைப்பு பிரியும். வார்ட்ரோபை முதலில் பொருத்தி, தரையை அதன் காலடி வரை கொண்டுவந்து நிறுத்துங்கள். மிஞ்சும் பலகைகளைப் பரணில் போட்டு வையுங்கள். நாலு வருடம் கழித்து ஒரு பலகை மாற்ற வேண்டி வந்தால் அதே நிறம் கடையில் கிடைப்பது அபூர்வம்.