கிணற்று நீச்சல்காரர்களுக்கு: போர்டும் துடுப்பும் கையைவிட்டுப் போனால்

மதுரை சிம்மக்கல்லில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் சுற்றுவது என் தொழில். நீச்சல் பழகியது மேலூர்ப் பக்கம் மாமா வீட்டுக் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு. நாற்பதைத் தாண்டிய பிறகு, பலகைமேல் நின்று துடுப்புப் போட்டு அலையில் சறுக்குகிற விளையாட்டின்மேல் ஆசை வந்தது. காற்றடைக்கிற பத்தடி போர்டு ஒன்றை வாங்கினேன். காற்றை இறக்கிச் சுருட்டிப் பையில் போட்டால், மாட்டுத்தாவணியில் ராமேசுவரம் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழிப்பார். அது வேறு கதை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. கிணற்றில் அடித்தளம்வரை போய் மண் எடுத்து வந்தவனுக்குக் கடலெல்லாம் ஒரு பெரிய கண்மாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஓர் ஆடி மாதம் வரை.

மண்டபத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாக் கரையில் இறங்கினேன். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. போர்டைக் காலோடு பிணைக்கிற கால்கயிற்றின் பட்டை இறுக்கமாக இருக்கிறதென்று, போர்டில் உட்கார்ந்தபடியே அதைக் கழற்றி மாட்டப் பார்த்தேன். சாய்ந்து விழுந்தேன். தலையைத் தூக்கும்போது போர்டு பத்தடி தள்ளி நின்றது. நாலே வீச்சில் பிடித்துவிடலாம் என்று நீந்தினேன். நாலு வீச்சுக்குப் பிறகு அது இருபதடி தள்ளி இருந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இதுவோ பத்துக் கிலோ காற்றுப்பை. மூச்சு வாங்க வாங்கத் துரத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கரையில் நிற்கும் தென்னைகள் விரற்கடை உயரத்தில் தெரிந்தன. ஒரு வள்ளக்காரர் என்னை ஏற்றிக்கொண்டு, பிறகு போர்டையும் போய் எடுத்தார். "காற்றைத் துரத்தி யார் பிடித்திருக்கிறார்கள் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் முதல் பாடம் கரையிலேயே தொடங்குகிறது. ஒரு பிடி காய்ந்த மணலை எடுத்து மெல்லக் கீழே விடுங்கள். அது கரைப்பக்கம் பறந்தால், கைவிட்ட போர்டு பெரும்பாலும் கரைக்குத்தான் வரும். கடல்பக்கம் பறந்தால், அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் இறங்காதீர்கள். தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் அலை எழும்பும். காற்று கரையை நோக்கி வரும். அதே நாளில் வடக்குக் கரை குளம்போல் கிடக்கும், ஏனென்றால் அங்கே காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. அலை தெரிகிற கரையைப் பார்த்துப் பயந்து, அமைதியான கரையில் இறங்கினேனே, அதுதான் நான் செய்த தப்பு. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

இனி விழுவதைப் பற்றி. கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்து பழகியவர்கள் முதலில் மறக்க வேண்டியது அந்தப் பாய்ச்சலைத்தான். அலை உடையும் இடத்தில் ஆழம் இடுப்பளவுகூட இருக்காது. தலைகுப்புற விழுந்தால் கழுத்து போய்விடும். போர்டுக்குப் பக்கவாட்டில், வெளிப்புறமாக, உடம்பைத் தட்டையாக விரித்து விழுங்கள். மேலே வரும்போது ஒரு கையை முகத்துக்கு முன்னால் மடக்கிக்கொண்டே வாருங்கள். இழுபட்ட கால்கயிறு ரப்பர் வளையம்போலப் போர்டை உங்கள் பக்கமே திருப்பி அனுப்பும். என் முன்பல்லின் ஓரம் உடைந்தது அப்படித்தான்.

எழுந்ததும் போர்டும் துடுப்பும் ஆளுக்கொரு திசையில் கிடந்தால், எதை முதலில் எடுப்பது? போர்டைத்தான், எப்போதும். துடுப்பு தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும். காற்றுக்கு அதில் பிடிமானம் குறைவு. போர்டு பாய்மரம் மாதிரி. கால்கயிற்றை இழுத்துப் போர்டைப் பிடித்து, அதில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் நீரைத் தள்ளித் துடுப்பிடம் போங்கள். எழுந்து நிற்க அவசரப்பட வேண்டாம். நிற்கிற உடம்பில் காற்று மோதும், படுத்த உடம்பின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். துடுப்பு கிடைத்ததும் அதன் இலையை, அதாவது நீரைத் தள்ளும் அகன்ற முனையை, நெஞ்சுக்கடியில் அழுத்திப் படுத்துக்கொண்டால் இரண்டு கைகளும் மறுபடி வேலைக்குக் கிடைக்கும். துடுப்பு கண்ணில் படவில்லையென்றால் ஒரு சுற்று பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். போர்டின் முனையைக் கரைக்குத் திருப்பி, வரும் வெள்ளை நுரையில் வயிற்றில் படுத்தபடியே சறுக்கி வந்துவிடலாம்.

இதில் மீறவே கூடாத ஒன்று உண்டு: வருகிற அலைக்கும் உங்களுக்கும் நடுவில் போர்டு இருக்கக் கூடாது. இருந்தால் அலை அதைத் தூக்கி உங்கள் முகத்தில் அறையும். போர்டு கரைப்பக்கம், நீங்கள் கடல்பக்கம். அதேபோல் அலைக்குக் கீழே முங்கப் போகுமுன் பின்னால் ஒரு பார்வை பாருங்கள். பத்தடி போர்டு, பத்தடி கயிறு. உங்களுக்குப் பின்னால் இருபதடிக்குள் யார் நின்றாலும் அவர் தலை ஆபத்தில்தான். கயிறு அறுந்து போர்டு தனியாகப் பாய்ந்தால், வெட்கப்படாமல் "போர்டு! போர்டு!" என்று தொண்டை கிழியக் கத்துங்கள்.

போர்டு போய், துடுப்பு மட்டும் கையில் மிஞ்சினால்? இருபது வீச்சு நீந்திப் பாருங்கள். இடைவெளி குறையவில்லையென்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இருபத்தோராவது வீச்சு கிடையாது. கரை அருகே என்றால் கரைக்குத் திரும்புங்கள். தூரம் என்றால் மல்லாந்து மிதந்து, துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கி மெதுவாக ஆட்டுங்கள். லைஃப் ஜாக்கெட்டில் ஒரு விசில் இருக்க வேண்டும். தலை மட்டும் வெளியே தெரிகிற மனிதனைப் படகிலிருந்து பார்ப்பது கடினம், சத்தம் முந்திக்கொள்ளும். நீந்தும்போது துடுப்பை இலைக்குப் பக்கத்தில் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இடைஞ்சலாக இருந்தால் விட்டுவிடுங்கள், காசு போனால் போகிறது. கடலோடிகள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்க்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். போனை உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள், போர்டில் கட்டாதீர்கள். போர்டோடு அதுவும் போய்விடும். கடலோரக் காவல்படை எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

பயிற்சிக்குக் கடல் தேவையில்லை. மழை பெய்து நிறைந்த கண்மாய் போதும். கரையில் ஒருவர் நிற்கட்டும். துடுப்பை இருபதடி வீசியெறிந்துவிட்டுக் கையால் போய் எடுங்கள். பிறகு மச்சான் ஒருவனை விட்டுப் போர்டை இழுத்துக்கொண்டு போகச் சொல்லி, வெறும் துடுப்போடு கரைக்கு வாருங்கள். பத்துத் தடவை செய்தால் கடலில் கை தானாக வேலை செய்யும். ஆனால் மடைப்பக்கமும் கலுங்குப் பக்கமும் போகவே கூடாது. ஓடுகிற தண்ணீரில், முங்கிக் கிடக்கும் கருவேலங்கட்டையில் கால்கயிறு சிக்கினால், குனிந்து அவிழ்க்கத் தண்ணீர் விடாது. ஓடும் நீருக்கென்று, இடுப்பில் கட்டி ஓர் இழுப்பில் கழன்றுகொள்ளும் கயிறு தனியாக இருக்கிறது.

இப்போது என் தொழில் சங்கதி. அலுமினியத் துடுப்பு மிதக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கடையில் மோட்டாரைச் சோதிக்கும் தொட்டியில் என்னுடையதை ஒரு மணி நேரம் போட்டு வைத்தேன். கைப்பிடி மூட்டிலிருந்து சரம் சரமாகக் குமிழி வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் துடுப்பு அடியில் கிடந்தது. மூட்டைப் பசை வைத்து அடைத்தபின் மிதந்தது. உங்களுடையதையும் வீட்டுத் தொட்டியில் போட்டுப் பாருங்கள். கைப்பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றுங்கள். கறுப்புத் துடுப்பு அலைக்கு நடுவில் தெரியாது. போர்டின் அடியில் அழியாத மையில் போன் எண்ணை எழுதுங்கள். கால்கயிற்றின் சுழலும் இணைப்பில் துரு ஏறியிருந்தாலோ, கயிற்றில் ஓரிடம் வெளுத்து மடிந்திருந்தாலோ அதைக் கொடிக்கயிறாகப் பயன்படுத்திக்கொண்டு புதிது வாங்குங்கள். ஒட்டும் பட்டையில் மணல் ஏறினால் பிடிக்காது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நிழலில் காயப் போடுங்கள். என் மனைவிக்கு அந்தப் பிரஷ் எதற்கென்று இன்னும் தெரியாது.